டாஃபைட்: ஸ்பைனல் கற்களுக்கு நடுவே ஒளிந்திருந்த கனிமம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஃபைட் என்பது என்ன வகைக் கல்?

பெரிலியம், மக்னீசியம், அலுமினியம், ஆக்சிஜன் ஆகிய நான்கு தனிமங்கள் சேர்ந்து உருவாகும் ஓர் அரிய கனிமம் டாஃபைட். பெரும்பாலும் வெளிறிய ஊதா நிறத்தில் கிடைக்கும் இந்தக் கல்லைப் பார்த்த மாத்திரத்தில், நகைகளில் பதிக்கப்படும் வேறொரு கல்லான ஸ்பைனல் என்றுதான் யாரும் சொல்வார்கள்; கல் வணிகர்களும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக ஒரு கனிமம் முதலில் பாறையிலோ மண்ணிலோ கண்டெடுக்கப்பட்டு, ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, பெயர் பெற்று, அழகும் உறுதியும் இருந்தால் அதன் பிறகே பட்டை தீட்டுபவரின் கைக்குப் போகும். டாஃபைட்டின் கதை தலைகீழானது. யாரோ ஒருவர் அதைத் தோண்டியெடுத்து, வேறொருவர் பட்டை தீட்டி, இன்னொருவர் நகையில் பதித்து, அது கழன்று ஒரு பெட்டியில் கிடந்து, அதற்கெல்லாம் பிறகுதான் அப்படி ஒரு கனிமம் உலகில் இருப்பதே தெரியவந்தது.

அதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்?

அயர்லாந்தின் டப்ளின் நகரில் வாழ்ந்த ரிச்சர்ட் டாஃப் என்ற இரத்தினவியலாளர் 1945 அக்டோபரில் கண்டுபிடித்தார். இவர் பொஹிமியாவில் (இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதி) பிறந்தவர். ஆஸ்திரியாவின் பிரதமராக இருந்த எடுவர்ட் டாஃபின் பேரன். முதல் உலகப் போரில் பிரிட்டனின் எதிரணியில் நின்றதால் 1919இல் தனது ஐரிஷ் பிரபுப் பட்டத்தை இழந்த குடும்பம் இவருடையது. பட்டம் போனாலும் பெயர் கனிமவியலில் நிலைத்துவிட்டது.

டப்ளினில் ஒரு கடிகார, நகைக் கடைக்காரர் பழைய நகைகளிலிருந்து கழன்ற கற்களைப் பல ஆண்டுகளாகப் பெட்டிகளில் சேர்த்துவைத்திருந்தார். கண்ணாடித் துண்டுகளும் நல்ல கற்களும் கலந்து கிடந்த அந்தக் குவியலைக் கிளறிப் பொறுக்கிய டாஃப், தமக்குப் பிடித்தவற்றை 14 பவுனுக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். கற்களைக் கழுவி, நிறவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, 1.419 காரட் எடையுள்ள ஓர் இளம் ஊதாக் கல் அவரை நிறுத்தியது. அதன் அடிப்புறத்தில் இருந்த கீறல்களும் தூசித் துகள்களும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மற்றெல்லா விதத்திலும் அது ஸ்பைனலைப் போலவே இருந்தது. ஆனால் ஸ்பைனலுக்குள் எதுவும் இரட்டையாகத் தெரியக் கூடாது.

நவம்பர் மாதத் தொடக்கத்தில் அவர் அந்தக் கல்லை லண்டன் வர்த்தக சபையின் இரத்தின ஆய்வகத்தில் இருந்த பி. டபிள்யூ. ஆண்டர்சனுக்கு அனுப்பி, ஒரு ஸ்பைனலில் இவ்வளவு தூரம் இரட்டைத் தோற்றம் வர வழியுண்டா என்று கேட்டார். ஆண்டர்சனும் அவருடைய சகாவான சி. ஜே. பெய்னும் டாஃப் கண்டது சரிதான் என்று உறுதி செய்தார்கள். பிறகு கல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே கிளாரிங்புல் என்ற கனிமவியலாளர் ஊடுகதிர் (எக்ஸ்-ரே) கொண்டு அதன் படிக அமைப்பை ஆராய்ந்தார். மாக்ஸ் ஹே வேதிப் பகுப்பாய்வு செய்தார். உலகில் ஒன்றே ஒன்று மட்டுமே தெரிந்திருந்த கல்லிலிருந்து பகுப்பாய்வுக்காக ஒரு துணுக்கை அறுத்தெடுக்க அதன் உரிமையாளர் சம்மதித்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சேகரிப்பாளர்களின் மனம் அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்பது புரியும். ஆண்டர்சன், பெய்ன், கிளாரிங்புல், ஹே ஆகிய நால்வரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1951இல் வெளிவந்து, புதிய கனிமத்துக்கு டாஃபைட் என்று பெயர் சூட்டியது.

இதற்கிடையே 1949இல் பெய்ன் அதே ஆய்வகத்தில் இரண்டாவது கல்லைக் கண்டார். மூன்றாவது கல் 1957இல் நியூயார்க்கில் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில் அகப்பட்டது. முதல் 12 ஆண்டுகளில் உலகுக்குத் தெரிந்த கற்கள் மொத்தமே மூன்று.

அத்தனை காலம் ஏன் எல்லோரும் ஏமாந்தார்கள்?

எண்கள் அப்படி. ஸ்பைனலின் ஒளிவிலகல் எண் (கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1.718, ஒப்படர்த்தி (நீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது) 3.60, கீறலைத் தாங்கும் திறனைக் காட்டும் மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 8. டாஃபைட்டின் ஒளிவிலகல் எண் கல்லுக்குக் கல் சற்றே மாறினாலும் 1.717க்கும் 1.730க்கும் இடையில் விழும், ஒப்படர்த்தி 3.60 முதல் 3.62 வரை, கடினத்தன்மை 8 முதல் 8.5 வரை. நிறமும் மினுக்கமும்கூட ஒன்றுபோலவே இருப்பதால், கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு ஐயம் எழவே இடமில்லை.

பிரித்துக் காட்டுவது ஒன்றுதான். ஸ்பைனல் கனசதுரப் படிக அமைப்பைச் சேர்ந்தது. அதற்குள் ஒளி எந்தத் திசையில் சென்றாலும் ஒரே வேகத்தில், ஒரே கதிராகச் செல்லும். டாஃபைட் அறுகோண அமைப்பைச் சேர்ந்தது. ஒரேயோர் அச்சுத் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசைகளிலும் அதற்குள் நுழையும் ஒளிக்கதிர் இரண்டாகப் பிரியும். டாஃபின் கல்லை ஒளிவிலகல்மானியில் வைத்தபோது ஏறக்குறைய 1.718, 1.723 என இரண்டு எண்கள் கிடைத்தன. இடைவெளி வெறும் 0.005. ஜிர்கான் என்ற நகைக்கல்லில் இந்த இடைவெளி 0.059 வரை போகும். அங்கே பின்பட்டைகளின் (கல்லின் அடிப்புறப் பட்டைகளின்) விளிம்புகள் இரட்டைக் கோடுகளாக, லூப் எனப்படும் சிறிய கைப் பூதக்கண்ணாடியிலேயே பளிச்சென்று தெரியும். டாஃபைட்டில் அது மயிரிழை வேறுபாடு. தேடுபவர் கண்ணுக்கே தப்பிவிடக்கூடியது.

அந்த இரட்டைத் தோற்றத்தை நாமே பார்த்துச் சோதிக்க முடியுமா?

பொறுமை இருந்தால் முடியும். கல்லைத் துடைத்து, மேசைப் பட்டை (கல்லின் மேல்புறத்துப் பெரிய தட்டைப் பட்டை) வழியாக எதிர்ப்புறப் பட்டைகள் கூடும் விளிம்பைப் பத்து மடங்கு லூப்பில் பாருங்கள். ஒரே நிலையில் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. ஒளி பிரியாத அந்த ஒற்றை அச்சின் வழியாக நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் டாஃபைட்டும் ஸ்பைனலைப் போலவே நடந்துகொள்ளும். கல்லைச் சாய்த்து, திருப்பி, பக்கவாட்டிலிருந்தும் பார்க்க வேண்டும். டாஃப் தம் கல்லில்கூட ஒரு திசையில்தான் இரட்டையைத் தெளிவாகக் கண்டார். அரைக் காரட்டுக்கும் குறைந்த கல்லில் ஒளி செல்லும் தூரமே குறைவு என்பதால் லூப் கைகொடுக்காது. இன்னும் கூடுதல் உருப்பெருக்கம் வேண்டும்.

ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் இரு தகடுகள் கொண்ட போலாரிஸ்கோப் என்ற கருவி இருந்தால் வேலை எளிது. அதன் இரு தகடுகளையும் இருட்டு நிலையில் வைத்து, நடுவே கல்லை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், டாஃபைட் நான்கு முறை ஒளிர்ந்து நான்கு முறை இருளும். ஸ்பைனல் முழுச் சுற்றிலும் இருண்டே இருக்கும். இதையும் குறைந்தது மூன்று நிலைகளில் செய்து பார்க்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. சுடர் உருக்கு முறையில் தயாரிக்கப்படும் செயற்கை ஸ்பைனலில் உள்ளழுத்தம் காரணமாகப் பொய்யான இரட்டை விலகல் தோன்றும். போலாரிஸ்கோப்பில் அது கோணலும் மாணலுமான பின்னல் கோடுகளாகத் தெரியும். அந்தக் கல்லின் ஒளிவிலகல் எண் 1.728 அளவில் ஒற்றை எண்ணாகவே இருக்கும் என்பதால், ஒளிவிலகல்மானியில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டாஃப் ஆண்டர்சனிடம் கேட்ட கேள்வியின் உட்பொருளும் இதுதான்: தாம் காண்பது உண்மையான இரட்டையா, அழுத்தத்தால் வந்த போலியா?

அதன் வேதியியலில் என்ன சிறப்பு?

பெரிலியமும் மக்னீசியமும் இரண்டுமே இன்றியமையாத உறுப்புகளாக அமைந்த கனிமம் ஒன்று அறியப்பட்டது அதுவே முதல் முறை. இன்று ஏற்கப்பட்டுள்ள வாய்பாட்டின்படி அதில் 1 பெரிலியம், 3 மக்னீசியம், 8 அலுமினியம், 16 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்த்தால் சுவையானது. கிரைசோபெரில் என்ற கனிமத்தில் (பூனைக்கண் ஒளி கொண்ட கிரைசோபெரிலைத்தான் நாம் வைடூரியம் என்கிறோம்) 1 பெரிலியம், 2 அலுமினியம், 4 ஆக்சிஜன். ஸ்பைனலில் 1 மக்னீசியம், 2 அலுமினியம், 4 ஆக்சிஜன். ஒரு பங்கு கிரைசோபெரிலோடு மூன்று பங்கு ஸ்பைனலைக் கூட்டிப் பாருங்கள். டாஃபைட்டின் வாய்பாடு அப்படியே வந்துவிடும். படிக அமைப்பிலும் ஸ்பைனலை ஒத்த அடுக்குகளும் வேறு வகை அடுக்குகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருப்பதால், அது ஸ்பைனலாக வேடம் போட்டதில் வியப்பில்லை.

1951இல் வெளியான வாய்பாடு இதுவன்று. ஒரு துணுக்கை வைத்துச் செய்த பகுப்பாய்வில் பெரிலியமும் மக்னீசியமும் சம எண்ணிக்கையில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 30 ஆண்டுகள் அந்தப் பிழை யார் கண்ணிலும் படவில்லை. 1981இல் இலங்கையிலிருந்து கிடைத்த ஒரு சிவப்புக் கல்லைப் புதிய கனிமம் என்று அறிவித்து, தீவின் பண்டைய கிரேக்கப் பெயரான தாப்ரோபனேயை நினைவூட்டும்படி டாப்ரோபனைட் என்று பெயரிட்டார்கள். சோதித்துப் பார்த்தபோது டாப்ரோபனைட்டும் டாஃபைட்டும் ஒரே கனிமம் என்று தெரியவந்தது. வேறுபட்டிருந்தது பழைய வாய்பாடு மட்டுமே. முந்திப் பிறந்த பெயருக்கே முன்னுரிமை என்ற மரபின்படி டாப்ரோபனைட் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. தீவின் பெயரைத் தாங்கிய அழகான சொல் ஒன்று வந்த வேகத்தில் போனதில் எனக்குச் சிறிய வருத்தம் உண்டு.

2002க்குப் பிறகு இந்தக் குடும்பத்துக்கு முறையான பெயரமைப்பு வந்து, டாஃபைட்டின் அறிவியல் பெயரில் மக்னீசியோடாஃபைட் என்ற சொல்லும் அதன் பின்னால் அடுக்கு வரிசையைக் குறிக்கும் எண்களும் எழுத்துகளும் சேர்ந்துகொண்டன. கல் சந்தையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இயற்கையில் அது எப்படி உருவாகிறது? ஏன் இவ்வளவு அரிது?

பெரிலியம் புவியோட்டில் பத்து லட்சம் பங்குக்கு இரண்டு மூன்று பங்கு அளவில் மட்டுமே உள்ள தனிமம். இருக்கும் சிறிதளவும் பெரும்பாலும் கருங்கல் வகைப் பாறைகளிலும் அவற்றின் கடைசிக் குழம்பிலிருந்து பிறக்கும் பெக்மடைட்டுகளிலும் சேர்கிறது. அந்த இடங்களில் சிலிக்கா ஏராளம். சிலிக்கா கிடைத்தால் பெரிலியம் அதோடு கைகோத்துப் பெரிலாக மாறிவிடும். மரகதம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். டாஃபைட்டில் சிலிக்காவே கிடையாது. ஆகவே அது பிறக்கப் பெரிலியம் வேண்டும், ஆனால் சிலிக்கா பற்றாக்குறையாக இருக்க வேண்டும்; அதே இடத்தில் மக்னீசியமும் அலுமினியமும் தாராளமாக இருக்க வேண்டும்; எல்லாம் கடும் வெப்பத்தில் வினைபுரிய வேண்டும்.

மக்னீசியம் மிகுந்த சுண்ணாம்புப் பாறைக்குள்ளோ அதையொத்த சிலிக்கா குறைந்த பாறைக்குள்ளோ, பெரிலியத்தைச் சுமந்து வரும் குழம்போ நீர்மமோ ஊடுருவும்போது இந்த நிபந்தனைகள் அபூர்வமாக ஒன்றுகூடுகின்றன. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் சியாங்ஹுவாலிங் என்ற இடத்தில், கருங்கல் குழம்பு சுண்ணாம்புப் பாறையைத் தொட்டு மாற்றிய பகுதியில் டாஃபைட் கிடைக்கிறது. நகைக்கு உதவாத மணிகளாக இருந்தாலும், தாய்ப்பாறையோடு சேர்ந்தே கிடைத்ததால் கனிமவியலாளர்களுக்கு அது பெரிய உதவியாக அமைந்தது.

இன்னொரு காரணத்தையும் மறைக்கக் கூடாது. டாஃபைட் அரிது என்பது உண்மை. அதே வேளையில் அதன் அருமையில் ஒரு பகுதி, யாரும் தேடிப் பார்க்காததால் வந்தது. பெயரும் சோதனை முறையும் பரவிய பிறகு, வணிகர்கள் தங்கள் ஸ்பைனல் பொட்டலங்களைத் திரும்பப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை அதனால்தான் ஏறியது.

எந்த நாடுகளில் கிடைக்கிறது?

நகைத் தரமான கற்களின் முதன்மைத் தாயகம் இலங்கை. டப்ளின் பெட்டியில் கிடந்த கல்லும் அங்கிருந்து போனதாகவே கருதப்படுகிறது. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி வட்டாரத்தில் வயல்களுக்கும் ஆற்றுப் படுகைகளுக்கும் அடியில், சிங்களத்தில் 'இல்லம' எனப்படும் சரளைப் படிவு புதைந்திருக்கிறது. மலைப் பாறைகள் காலங்காலமாக அரிக்கப்பட்டபோது, கடினமும் கனமும் கொண்ட கனிமங்கள் மட்டும் உடையாமல் உருண்டு வந்து அங்கே தங்கின. குழி தோண்டி, மண் சரியாமல் மரச்சட்டம் அடித்து, ஊறும் நீரை இறைத்துக்கொண்டே அந்தச் சரளையை மேலே ஏற்றி, கூடையில் இட்டு நீரில் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். இலேசான கற்களும் சேறும் வெளியேறிய பிறகு கூடையின் அடியில் நீலம், ஸ்பைனல், கார்னெட், ஜிர்கான், கிரைசோபெரில் எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கலவையில், நீரில் உருண்டு மழுங்கிய கூழாங்கல்லாக டாஃபைட்டும் இருந்தால், வெறும் கண்ணுக்கு அது ஒரு மங்கல் ஸ்பைனல்தான். அதனாலேயே அங்கே பிறந்த ஒரு கல் முதன்முதலில் டப்ளினில் அடையாளம் காணப்பட்டது.

இலங்கைச் சரளையில் இப்படி வேடமிட்டிருந்தது டாஃபைட் மட்டுமன்று. பழுப்புப் பெரிடாட் என்று நெடுங்காலம் விற்கப்பட்ட ஒரு கல், போரான் கொண்ட தனிக் கனிமம் என்று 1952இல் தெரியவந்து சிங்களைட் என்ற பெயரைப் பெற்றது. அந்த ஆய்விலும் கிளாரிங்புல், ஹே இருவருடைய கையும் இருந்தது.

இலங்கைக்கு அடுத்து, தான்சானியாவின் தெற்கில் உள்ள டுண்டுரு, மடகாஸ்கர், மியன்மாரின் மோகோக் ஆகிய இடங்களிலிருந்து நகைத் தரக் கற்கள் வருகின்றன. வரைபடத்தில் தள்ளித் தள்ளி இருந்தாலும் இலங்கையும் மடகாஸ்கரும் கிழக்கு ஆப்பிரிக்காவும் தென்னிந்தியாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தில் அண்டை அயலாக இருந்தவை. ஏறத்தாழ 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நிலத்துண்டுகள் மோதி இணைந்தபோது எழுந்த வெப்பமும் அழுத்தமும்தான் இலங்கையின் மேட்டுநிலப் பாறைகளை உருமாற்றின. இரத்தினபுரிக்கும் டுண்டுருவுக்கும் கல் வகைகளில் இவ்வளவு ஒற்றுமை இருப்பது அந்தப் பழைய உறவால்தான்.

என்னென்ன நிறங்களில் கிடைக்கும்?

இளம் ஊதா, சாம்பல் ஊதா, ரோஜா ஊதா ஆகியவை பரவலானவை. நிறமற்ற கற்களும் நீலச் சாயலும் பசுஞ்சாயலும் கொண்ட கற்களும் உண்டு. ஊதாவுக்கும் நீலத்துக்கும் பொதுவாக இரும்பு காரணம். குரோமியம் சேர்ந்தால் சிவப்பு வரும், அது மிக மிக அரிது.

மஸ்கிரேவைட் என்பதும் இதுவும் ஒன்றா?

உடன்பிறப்பு எனலாம், ஒன்றல்ல. மேலே சொன்ன கணக்கில் ஒரு பங்கு கிரைசோபெரிலோடு மூன்றுக்குப் பதிலாக இரண்டு பங்கு ஸ்பைனலைக் கூட்டினால் மஸ்கிரேவைட்டின் வாய்பாடு வரும். தென் ஆஸ்திரேலியாவின் மஸ்கிரேவ் மலைத்தொடரில் கிடைத்து 1967இல் பெயர் பெற்றது அது. நகைத் தரமான மஸ்கிரேவைட் 1993இல்தான் அறிவிக்கப்பட்டது. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஒப்படர்த்தியும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒளிவிலகல்மானியை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்கவே முடியாது. ராமன் நிறமாலையோ (லேசர் ஒளி கல்லில் சிதறும் விதத்தை அளப்பது) ஊடுகதிர் விளிம்புவிளைவோ (படிக அடுக்கை எக்ஸ்-ரே கொண்டு அறிவது) தேவைப்படும். ஸ்பைனலாக வேடமிட்ட டாஃபைட்டுக்குள்ளேயே இன்னொன்று டாஃபைட்டாக வேடமிட்டிருந்தது என்பது இந்தக் கதையின் வேடிக்கை. மஸ்கிரேவைட்டுக்குச் சந்தையில் விலை கூடுதல் என்பதால், அந்தப் பெயரில் விற்கப்படும் கல்லுக்கு இந்தச் சோதனை நடந்ததா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இது நவரத்தினங்களில் சேருமா? எந்த ராசிக்கு உகந்தது?

சேராது. மரபான சோதிடத்தில் இதற்கு எந்த இடமும் இல்லை, இருக்கவும் முடியாது. 1951க்கு முன் பெயரே இல்லாத கல்லுக்குப் பழைய நூல்களில் பலன் எழுதியிருக்க வழியில்லை. இந்தக் கிரகத்துக்கு உகந்தது, இந்த விரலில் அணிய வேண்டியது என்று யாராவது சொன்னால், அது விற்பனையாளரின் சொந்தக் கற்பனை.

மோதிரத்தில் பதித்து அன்றாடம் அணியலாமா?

கடினத்தன்மையைப் பொறுத்தவரை தடையில்லை. காற்றில் மிதக்கும் தூசியில் உள்ள குவார்ட்ஸின் கடினத்தன்மை 7 என்பதால் அதனால் இதற்குக் கீறல் விழாது. மிதமான சோப்பு நீரும் மென்மையான தூரிகையும் சுத்தம் செய்யப் போதும். ஆனால் தொலைந்தால் அதே நிறத்தில், அதே அளவில் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது கடினம் என்பதால், பதக்கத்திலோ காதணியிலோ பதிப்பதே நல்லது என்பது என் கருத்து.

வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பெயர் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை இல்லாமல் வாங்கக் கூடாது. அறிக்கையில் கனிமத்தின் பெயர் ஐயமின்றி எழுதப்பட்டிருக்க வேண்டும். எடையும் மில்லிமீட்டர் அளவுகளும் கையில் உள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்பதை அங்கேயே சரிபார்க்க வேண்டும். சாம்பல் கலந்த மங்கல் கல்லைவிடத் தெளிந்த ஊதாவுக்கும் ரோஜா ஊதாவுக்கும் மதிப்பு அதிகம். "செவ்வந்திக்கல் போல இருக்கிறதே" என்று சிலர் மயங்குவதுண்டு. செவ்வந்திக்கல்லின் ஒளிவிலகல் எண் 1.56ஐத் தாண்டாது, ஒப்படர்த்தி 2.65 மட்டுமே. அந்த இரண்டையும் பிரிப்பது எந்தக் கல் சோதனையாளருக்கும் ஒரு நிமிட வேலை.

எங்கள் வீட்டுப் பழைய நகையில் ஓர் ஊதா ஸ்பைனல் இருக்கிறது. அது டாஃபைட்டாக இருக்க வாய்ப்புண்டா?

வாய்ப்பு மிகக் குறைவு. இல்லவே இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. இலங்கையிலிருந்து வந்த பழைய கல் என்றால் ஒருமுறை பார்த்துவிடுவதில் தவறில்லை. முதலில் நகையிலிருந்து கழற்றாமலே, லூப்பில் பல கோணங்களிலிருந்து பின்பட்டை விளிம்புகளைப் பாருங்கள். ஒளிவிலகல்மானி வைத்திருக்கும் சோதனையாளரிடம் கொடுத்தால், கல்லைத் திருப்பித் திருப்பி வைத்து ஓர் எண்தான் வருகிறதா, இரண்டு எண்கள் வருகின்றனவா என்று சொல்வார். மேசைப் பட்டை நகையின் சட்டத்துக்கு மேலே எழும்பி இருந்தால் இதற்கும் கழற்ற வேண்டியதில்லை. எல்லாத் திசையிலும் 1.718 என்ற ஒரே எண் வந்தால் அது ஸ்பைனல். நல்ல கல்தான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். 1.718ஐ ஒட்டி இரண்டு எண்கள் வந்தால், அந்தக் கல்லை யாரிடமும் மறுபட்டை தீட்டக் கொடுக்காமல், ராமன் நிறமாலைக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.